தீம் பார்க் டிக்கெட்: காலண்டரும் வேண்டும், டேப்பும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் நாளிதழ்களில் தீம் பார்க் கட்டணப் பட்டியலும் வந்துவிடுகிறது. பெரியவருக்கு இவ்வளவு, சிறுவருக்கு இவ்வளவு என்று இரண்டு வரி. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் அதை வைத்துத்தான் செலவுக் கணக்குப் போடுகின்றன. ஆனால் அந்தத் தொகையை அப்படியே கொடுத்து உள்ளே போகிறவர்கள் குறைவு. விவரம் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்கள், மற்றவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று எழுதினால் வாசகர்களுக்குப் பயன்படும்.

விலையைத் தீர்மானிப்பது முதலில் தேதி. பெரிய பூங்காக்கள் ஒரே டிக்கெட்டை வார நாளுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கு ஒரு விலை, பண்டிகைக் காலத்துக்கு இன்னொரு விலை என்று விற்கின்றன. நம் பகுதியின் சிக்கல் இதில்தான். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. ஆகவே திருப்பூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்புகின்றன. தீபாவளி நோம்பிக்கு மில்லும் கம்பெனியும் சேர்ந்தாற்போல் மூடும்போது மொத்தக் கூட்டமும் ஒரே வாரத்தில் போகிறது. விலையும் அதிகம், வரிசையும் அதிகம். பத்து விளையாட்டுக்குப் பணம் கட்டி நாலில் ஏறிவிட்டு வருவது இந்த நாட்களில்தான்.

கொச்சிக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள் நம்மூர் காலண்டரை மட்டும் பார்த்தால் போதாது, போகிற ஊரின் பள்ளிக் காலண்டரையும் பார்க்க வேண்டும். 2024-இல் கேரளத்தில் பள்ளிகள் ஜூன் 3-ஆம் தேதி திறந்தன, தமிழ்நாட்டில் ஜூன் 10-இல்தான். இடைப்பட்ட அந்த வார நாட்களில் நம் பிள்ளைகளுக்கு லீவு, அங்கே பிள்ளைகள் வகுப்பில். எல்லா ஆண்டும் இந்த இடைவெளி கிடைக்காது. கிடைக்கிற ஆண்டில் விடக்கூடாது. காலாண்டுத் தேர்வு விடுமுறையிலும் சரஸ்வதி பூஜையை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால் கேரளப் பூங்காக்களில் வார நாள் விலைக்கே டிக்கெட் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஓணம் வாரத்திலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் அந்தப் பக்கம் தலை வைக்க வேண்டாம். அரையாண்டு விடுமுறை இரண்டு மாநிலத்துக்கும் ஒரே சமயத்தில் வருகிறது.

ஜூன் தொடங்கினால் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை. தண்ணீரில் நனையப் போகிறவர்களுக்கு மழை ஒரு பொருட்டில்லை. இடி மின்னலும் பலத்த காற்றும் வந்தால் மட்டும் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். அதற்காகப் பணம் திரும்பாது. அதனால் மழைக்காலத்தில் டிக்கெட் வாங்குமுன் தேதி மாற்றும் வசதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்ற வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பணம் திருப்பித் தரப்படாது என்பதுதான் பெரும்பாலான டிக்கெட்டுகளின் விதி.

அடுத்து உயரம். ரயிலில் வயதைக் கேட்கிறார்கள், பூங்காவில் உயரத்தை அளக்கிறார்கள். இதை மறந்து, ‘பையனுக்குப் பதினொரு வயசுதானுங்க’ என்று வாசலில் வாதாடுவதைப் பார்க்கலாம். கொச்சியிலும் பெங்களூரிலும் பூங்கா நடத்தும் வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், அதற்கு மேல் 140 வரை சிறுவர் டிக்கெட், 140-ஐத் தாண்டினால் பெரியவர். மற்றப் பூங்காக்களில் கோடு வேறு இடத்தில் இருக்கும். கிளம்புமுன் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி டேப்பால் அளந்துவிடுங்கள். போன கோடையில் அளந்தது இந்தக் கோடைக்கு உதவாது. சிறுவர் டிக்கெட்டோடு போய் அளவில் தாண்டிவிட்டால் மீதியைக் கவுன்டரில் கட்டச் சொல்வார்கள். முன்பதிவுச் சலுகை அந்த மீதிக்குக் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

உயரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தலைகீழாகச் சுற்றும் பெரிய ராட்டினங்களுக்கும் குறைந்தபட்ச உயரம் இருக்கிறது, பல இடங்களில் அதுவும் 140-தான். வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் 120 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால், கொச்சி வரை போய்ப் பெரிய பூங்காவுக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கருத்து. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையில் பிளாக் தண்டர் இருக்கிறது, சிறுவாணி சாலையில் கோவை கொண்டாட்டம் இருக்கிறது. குட்டிப் பிள்ளைகளுக்கு வேண்டிய அலைக்குளமும் சின்னச் சறுக்குகளும் அங்கேயே கிடைக்கும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மெமு ரயிலும் உண்டு, ஊருக்குள் டவுன் பஸ்ஸும் உண்டு. பாலக்காட்டுக்கு அருகே மலம்புழாவில் இன்னும் சௌகரியம்: அணைப் பூங்காவுக்குத் தனி டிக்கெட், ரோப்காருக்குத் தனி, பேன்டசி பார்க்குக்குத் தனி. விளையாட விரும்புகிறவர் மட்டும் பார்க்குக்குள் போகலாம், மற்றவர்கள் சிறு தொகையில் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

பெரிய பூங்காக்களில் அப்படி முடியாது. அப்புச்சியும் அம்மிச்சியும் (அம்மா வழித் தாத்தா பாட்டி) ஒரு ராட்டினத்தில்கூட ஏறப் போவதில்லை. இருந்தாலும் உள்ளே வந்தால் டிக்கெட் வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பல பூங்காக்களில் குறைந்த கட்டணம் உண்டு, அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால். இதய நோய், முதுகுவலி உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் வேகமான ராட்டினங்களில் ஏற்ற மாட்டார்கள். ஏற முடியாதவருக்கு முழு டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம்.

சலுகைகள் பற்றி. முன்கூட்டிப் பதிவு செய்தால் ஒரு தள்ளுபடி, கல்லூரி மாணவருக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று, வங்கி அட்டைக்கு ஒன்று என்று நாலைந்து இருக்கும். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சலுகைதான், இரண்டைச் சேர்க்க விடுவதில்லை. வீட்டார் ஆறு பேரையும் ஒரே பதிவில் போட்டால் ஆறு பேருக்கும் ஒரே சலுகையில் முடிந்துவிடும். கல்லூரி போகும் மகளுக்கு மாணவர் சலுகையில் ஒரு பதிவு, பெரியவர்களுக்கு முதியோர் டிக்கெட்டில் ஒரு பதிவு, மற்றவர்களுக்கு முன்பதிவுத் தள்ளுபடியில் ஒரு பதிவு என்று பிரித்துப் பாருங்கள். மாணவர் அட்டையின் போட்டோ செல்போனில் இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அட்டையே வேண்டும்.

வங்கி அட்டைச் சலுகையில்தான் பெரிய ஏமாற்றம். ஒரு பேச்சுக்கு டிக்கெட் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 4,800. வரி தனி என்று எழுதியிருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்து 5,664. (2018 ஜனவரி வரை இது 28 சதவீதமாக இருந்தது.) ‘10 சதவீதத் தள்ளுபடி’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் 500 ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று தோன்றும். கீழே சிறிய எழுத்தில் ‘அதிகபட்சம் 200’ என்று இருக்கும். அந்தச் சலுகை வேறொரு டிக்கெட் செயலியில்தான் என்றால் அவர்கள் சேவைக் கட்டணம் போடுவார்கள். டிக்கெட்டுக்கு 30 வீதம் 120, அதற்கும் 18 சதவீத வரி, ஆக 141 ரூபாய் 60 காசு. மிச்சம் 58 ரூபாய் 40 காசு. ஆகவே முதல் பக்கத்து விலையை ஒப்பிடாதீர்கள். பூங்காவின் சொந்த இணையதளம், டிக்கெட் செயலி இரண்டிலும் பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே காட்டும் மொத்தத் தொகையை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். பணம் கட்டாமல் வெளியே வந்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

வரிசையில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் ஏறக்குறைய இரட்டிப்பு விலை. வார நாளில் அதை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் விடுவதுதான். சாப்பாடு சேர்ந்த டிக்கெட் நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு லாபம், நாலு வாய் தோசையோடு எழுந்துவிடும் பிள்ளைக்கு நட்டம். ஆளுக்கு ஆள் பிரித்து வாங்கலாம். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை, ஒரு முறை வெளியே வந்தால் திரும்ப விடாத இடங்களும் உண்டு. காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவதே சிக்கனம்.

பட்டியலில் வராத செலவு இன்னும் இரண்டு: லாக்கர் வாடகை, உடை வாடகை. நீர் விளையாட்டுக்கு நைலான் அல்லது பாலியெஸ்டர் உடை கட்டாயம். பருத்தியில் நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் கனத்துத் தொங்கிச் சறுக்கில் சிக்கும். ஊருக்கெல்லாம் உடை தைத்து அனுப்புகிற திருப்பூர்க்காரர்கள் பருத்தி பனியனோடு போய் நின்று, வாசலில் வாடகைக்கு உடை எடுக்கிறார்கள்! காதர்பேட்டையில் பாலியெஸ்டர் டீசர்ட்டும் ஷார்ட்ஸும் மலிவாகவே கிடைக்கின்றன. ஒரு முறை வாங்கினால் மூன்று கோடைக்கு வரும். பெண்களுக்கும் அதே துணியில் முழுக்கை மேல்சட்டையும் லெக்கிங்ஸும் போதும். ஒரு குடும்பத்துக்கு ஒரே லாக்கர் எடுத்தால் போதும், ஆளுக்கொரு பை கொண்டுபோனால்தான் இரண்டு மூன்று தேவைப்படும்.

பயணச் செலவு சில சமயம் டிக்கெட்டையே மிஞ்சும். காரைக்கால் எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ், பழைய ஆட்கள் டீ கார்டன் என்பார்களே அது, கரூர், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாக இரவில் ஓடிக் காலையில் கொச்சியில் விடுகிறது. இரவில் அதே வழியில் திரும்பவும் வண்டி இருக்கிறது. அறை வாடகை மிச்சம். 5 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம், படுக்கை கேட்டால் 2016 முதல் முழுக் கட்டணம். பகல் வண்டிகளின் சேர் காரிலும் இரண்டாம் வகுப்பு முன்பதிவு இருக்கையிலும் இந்தப் பாதிக் கட்டணம் கிடையாது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. மே மாதத்துக்கு மார்ச்சிலேயே பார்க்க வேண்டும். ரயில் டிக்கெட் உறுதியான பிறகு பூங்கா டிக்கெட்டை வாங்குங்கள். மாற்றிச் செய்து, காத்திருப்போர் பட்டியலில் மாட்டி, பூங்காப் பணத்தை இழப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வேன் கட்டுபடியாகும். வாடகை பேசும்போது டிரைவர் பேட்டா, கேரள நுழைவு வரி, டோல் மூன்றும் உள்ளடக்கமா என்று கேளுங்கள். ஈரோட்டிலிருந்து போனால் விஜயமங்கலம், கணியூர், பிறகு பாம்பாம்பள்ளம், பன்னியங்கரை, பாலியேக்கரை என்று டோல் வரிசையாக வரும். தேசிய நெடுஞ்சாலை டோலில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்குதான், இரண்டு மடங்கு இல்லை. டிரைவரின் ஃபாஸ்டேக்கில் பிடித்த தொகையைக் கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். பெங்களூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது கர்நாடகப் பெண்களுக்கு மட்டும், நம் ஆதார் செல்லாது.

மகளிர் குழுக்களும் கம்பெனி ஆட்களும் மொத்தமாகப் போனால் பூங்கா அலுவலகத்துக்கே பேசிக் குழுக் கட்டணம் கேட்கலாம். எத்தனை பேருக்கு மேல் குழு என்பது இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மூன்று ஆள் குறைந்தால் பக்கத்துத் தெருவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் மூலம் போவதானால் டிக்கெட், வேன், சாப்பாடு என்று தனித்தனித் தொகை எழுதி வாங்குங்கள். ‘எல்லாம் சேர்த்து’ என்ற ஒற்றைத் தொகையில் சிறுவர் டிக்கெட்டின் மிச்சம் நம் கைக்கு வருவதில்லை.

கோவையிலிருந்து நேராகச் சிங்கப்பூர் பறக்கிறவர்களுக்கு விதி மாறும். யூனிவர்சல் ஸ்டூடியோஸில் வயதுதான் கணக்கு: 4 வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 வரை சிறுவர். சென்டோசா தீவுக்குள் மோனோ ரயிலில் போனால் கட்டணம், கடற்பாலத்தில் நடந்து போனால் இலவசம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பாதி விலை டிக்கெட்’ இணைப்புகளைத் தொட வேண்டாம். பூங்காவின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் நடத்துகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும், தாமதித்தால் மீட்பது கடினம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியலை வெளியிடும்போது வார நாள் விலை, விடுமுறை நாள் விலை, வரி சேர்ந்ததா இல்லையா, சிறுவருக்கான உயரக் கோடு, லாக்கர் மற்றும் உடை வாடகை ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு கட்டம் ஒதுக்குங்கள். பூங்காக்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை.