அப்பா நின்று போன ஏற்றம்

அன்பு மகளுக்கு,

உன் சின்னவனுக்கும் இழுப்பு என்று டாக்டர் சொன்னதும் உனக்கு அப்பாவின் ஞாபகம் வந்து பயந்துவிட்டாய். போனில் பேசினால் எனக்கும் அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அது பிறவியில் வந்ததில்லை. ஸ்டோரில், அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை சலிக்கிற இடத்தில் வேலை. சலிக்கும்போது பஞ்சு பஞ்சாகத் தூசி பறக்கும். வாயில் துவாயைக் கட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் மண்ணிறமாக இருக்கும். முதலில் தும்மல், அப்புறம் இருமல், நீ பிறந்த வருஷம் இழுப்பு. அந்தத் தூசிதான் காரணம் என்று டாக்டர் சொன்னபிறகு, கேட்டு வாங்கி வெளியே தோட்டத்து மலை வேலைக்கு வந்தார். அங்கே தூசி இல்லை, பனியும் மழையும் இருந்தன. அந்த இழுப்பு வருத்தம் கடைசிவரை அவரை விடவில்லை.

உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாரே, அந்த ஏற்றம் ஞாபகம் இருக்கிறதா? சவுக்கு மரத்தடியில் நின்று மவுசாக்கலை நீர்த்தேக்கத்துத் தண்ணீரைக் காட்டுவார். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் அதற்குள் போனதையும், தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரிவதையும் சொல்வார். அடுத்த முடக்கில் வாய்ப்பாடு. நீ ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு சீராகிவிடும். நின்றதெல்லாம் மூச்சு வாங்கத்தான், மகள். நீ அதைக் கதை சொல்கிற நேரம் என்றே நினைத்திருந்தாய். "அப்படியே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும், நீ சொல்லிறாத" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். இத்தனை வருஷம் சொல்லவில்லை. இப்போது உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது.

ராத்திரியில் படுத்தால் நெஞ்சை அடைக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். யாத்திரை சீசன் மாதங்களில் சிவனொளிபாத மலை லைட் வரிசையாகத் தெரியும். நீ ஓ.எல். சோதனைக்குப் படித்தபோது, "நான் எப்படியும் முழிச்சுத்தான் இருக்கேன், புள்ளைய நானே எழுப்புறேன்" என்றார். விடியுமுன்னே குடிக்கப் பால் போடாத சாயத்தண்ணி ஊற்றி வைத்து உன்னை எழுப்பியது அவர்தான்.

அப்பா செய்த ஒன்றை மட்டும் நீ செய்யாதே. அவருக்கு வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்ப் இரண்டு கொடுத்திருந்தார்கள். நீலம், இழுப்பு வரும்போது மூச்சுக்குழாயைத் திறக்க. பிரவுன், உள்ளே வீக்கம் வராமல் தடுக்க. அதைத் தினமும் எடுக்க வேண்டும். சுகமாக இருக்கிற நாளில் அதை மிச்சம் பிடிப்பார். கிளினிக் நர்ஸ் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறார். சின்னவனுக்கு டாக்டர் தந்ததை ஒருநாளும் விடாதே. பம்பில் மாட்டுகிற குழாய், அந்த ஸ்பேசர் வைத்துக் கொடு. பிரவுன் எடுத்தபின் வாய் கொப்பளிக்க வை. அப்பா பட்ட பாடு இவனுக்கும் வரும் என்றில்லை. அவர் தூசிக்குள் நின்று நின்று வாங்கிக்கொண்ட வருத்தம் அது. இவனுக்குச் சின்ன வயதிலேயே மருந்து ஆரம்பித்தாயிற்று, ஓடி விளையாடுவான்.

டிசம்பர் லீவில் கூட்டிக்கொண்டு வா. பம்பைக் கைப்பையில் வை, பெரிய பேக்கில் போட்டுவிட்டு ரயிலில் தேடாதே. ஹட்டனில் இறங்கும்போதே குளிரும், காது மூடுகிற தொப்பி போட்டுவிடு. கம்பளியெல்லாம் துவைத்து வெயிலில் காயப்போட்டு வைக்கிறேன். என்றைக்கு வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லு.

அம்மா