வார்டுக்கு டீ கொண்டுவந்த தம்பிக்கு

என் கணவரை நல்லபடியாக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ரத்தம் கொடுத்த நான்கு பேர், ராத்திரித் துணைக்கு மாறி மாறிப் படுத்த கொழுந்தன்மார், பணம் புரட்டித் தந்த பஜார் அண்ணாச்சிகள், பதினொரு நாளும் என் மகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும் என் கும்பிடு. உங்களிடமெல்லாம் நேரில் வந்து சொல்வேன். இது, நான் பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட ஒரு பையனுக்கு.

காலையும் சாயங்காலமும் கேனோடு வருவான். முதல் நாள், "அண்ணே, டீயா பாலா?" என்று கேட்டான். இவரிடமிருந்து சத்தமே இல்லை. வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். "இருங்கக்கா, அண்ணன் சொல்லட்டும்" என்றவன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். அந்த வரிசையில் இன்னும் ஆறு கட்டில். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு எங்களிடமே வந்து நின்றான். மறுபடி கேட்கவில்லை.

"டீ... சீனி கம்மி" என்றார் இவர்.

அன்று காலையில்தான் ஒரு டாக்டர் வலி எங்கே, எப்போதிருந்து, என்ன மாத்திரை என்று ஒரே மூச்சில் கேட்டார். இவர் முதல் கேள்வியிலேயே இருந்தார். 'ஒத்துழைக்கவில்லை' என்று டாக்டர் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

இவருக்கு ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய். ஹண்டிங்டன் என்றால் கை கால் தானாக ஆடும் என்றுதான் பலருக்கும் தெரியும். அதைக் கொஞ்சம் அடக்க மாத்திரை இருக்கிறது. யோசனை மந்தப்படுவதற்கு இல்லை. எங்களுக்கு முதலில் வந்ததே அதுதான். இருபது சாமானை மனக்கணக்கில் கூட்டிச் சொல்கிற மளிகைக்கடைக்காரரான இவர், அரைக் கிலோ துவரம்பருப்புக்கு விலை சொல்லத் திணறினார். கணக்கு மறக்கவில்லை, வந்து சேர நேரமெடுத்தது. ஆட்டம் தொடங்கியது நான்கு வருடம் கழித்து. நான்காவது குரோமோசோமில் இந்த நோய்க்குக் காரணமான மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து 40 தடவையோ அதற்கு மேலோ அடுக்கியிருந்தால் நோய் வந்தே தீருமாம். இவருக்கு 44. அந்த மரபணுவைக் கண்டுபிடித்ததே 1993-இல்தான். மாமனார் அதற்கு முன்பே, இதே ஆட்டத்தால் குடிகாரர் என்ற பேரோடு போய்விட்டார். ஒரு சொட்டு தொட்டதில்லை அவர். மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சரி, அது இப்போது வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் இத்தனை வருடமாக அவருக்குப் பதிலாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். "உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "எனக்கு என்னக்கா தெரியும், அண்ணன் உதடு அசைஞ்சுது, பேச வர்றாருன்னு விட்டேன்" என்றான்.

இனி நானும் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்பேன். "என்ன வேணும்?" என்று கேட்காமல் இட்லியா தோசையா என்று கேட்டுவிட்டு நிற்பேன். பால் பொங்குகிற நேரம் மட்டும் விதிவிலக்கு.

அப்புறம் தம்பி, கடைசி நாள் கொடுத்த ஐம்பது ரூபாயில் நீ இன்னும் நான்கு ரூபாய் தரவேண்டுமாம். நான் சொல்லவில்லை. நேற்று ராத்திரி விளக்கை அணைத்தபின் அவர்தான் சொன்னார்.