‘தற்செயலாக’ எடுத்த படமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வால்நட்சத்திரம் உடைந்த செய்தியைப் படித்தேன். அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. அதன் நான்காவது பத்தியில், “இந்த அரிய காட்சியை அமெச்சூர் ஆர்வலர்கள் சிலர் தற்செயலாகப் படம்பிடித்துள்ளனர்” என்று இருக்கிறது. ரோட்டில் போகும்போது பத்து ரூபாய் நோட்டு கிடைத்தால் அது தற்செயல். இதில் எது தற்செயல் என்று கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

நான் ஆலங்காயத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். கல்லூரிப் பக்கம் போனதில்லை. மொட்டை மாடியில் 8 அங்குலக் கண்ணாடி போட்ட தொலைநோக்கி இருக்கிறது. அதைத் திருப்பும் மோட்டாரை நானே செய்தேன். இந்த நவம்பரில் பதினொரு நாள் அதிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன். ஒன்பது நாள் மேகம். நவம்பரில் நம் பக்கம் வானம் எப்படி இருக்கும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் கண்ணாடியில் பனி இறங்கி, பேத்தியின் ஹேர் டிரையரைத் திருடிக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டியதாயிற்று. அன்றும் படம் தேறவில்லை. மிச்சமிருந்த ஒரே நாளில் முப்பது நொடிப் படங்களாக 46 கிடைத்தன.

கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. வால்நட்சத்திரம் சும்மா நிற்காது, நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கும். நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி 46 படங்களையும் அடுக்கினால் வால்நட்சத்திரம் இழுபட்டுவிடும். அதன் தலையைப் பொருத்தி அடுக்கினால் நட்சத்திரங்கள் கோடுகோடாகிவிடும். இரண்டு விதமாகவும் அடுக்கிப் பார்த்தேன். தலைக்குள் இருந்த வெளிச்சம் புள்ளியாக இல்லை, ஒரு பக்கமாக நீண்டிருந்தது. அது உடைப்பா, நான் கட்டிய மோட்டாரின் தடுமாற்றமா என்று தனித்தனிப் படமாகச் சரிபார்க்க மூன்று இரவு ஆயிற்று. துண்டுகள் தனித்தனியாக என் படத்தில் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கண்ணாடி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்தது. இத்தாலியில் அசியாகோ வானாய்வகத்தில் இருக்கும் 1.82 மீட்டர் கண்ணாடி போட்ட தொலைநோக்கியும் படம் எடுத்தது. ஆனால் ஒரு வால்நட்சத்திரத்தின் பின்னாலேயே தினமும் சுற்ற வானாய்வகங்களுக்கு நேரம் கிடைக்காது. அந்த இடைவெளியில் நிற்பவர்கள்தான் இந்தத் ‘தற்செயல்’காரர்கள்.

அப்புறம் அந்தப் படக்குறிப்பு. ‘3ஐ அட்லஸ் உடைந்தது’ என்று போட்டிருக்கிறீர்கள். உடைந்தது சி/2025 கே1 அட்லஸ் என்ற வேறொரு வால்நட்சத்திரம். 2025 மே மாதம் கண்டுபிடிக்கப்பட்டது, நம் சூரியக் குடும்பத்துப் பிள்ளை. அக்டோபர் 8 அன்று சூரியனிலிருந்து சுமார் 5 கோடி கிலோமீட்டர் தூரத்தில் சுற்றிப்போனது. அந்தச் சூட்டைத் தாங்காமல் ஒரு மாதம் கழித்து உடைந்தது. 3ஐ வேறு ஏதோ நட்சத்திரத்தின் ஊரிலிருந்து வந்த விருந்தாளி, ஜூலை 1 அன்று சிலியிலிருந்து கண்டுபிடித்தார்கள். இரண்டையும் கண்டது ஒரே அட்லஸ் தேடல் திட்டம் என்பதால் ஒரே பெயர். ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆஸ்பத்திரி பெயரையே வைத்த மாதிரிதான். அதற்காக ஒருவர் கால் முறிந்தால் இன்னொருவருக்குக் கட்டுப் போடலாமா?

தங்கள் நாளிதழுக்கும் வால்நட்சத்திரத்துக்கும் உள்ள பழைய கணக்கையும் இன்று சொல்லிவிடுகிறேன். 2006 மே மாதம் ஷ்வாஸ்மன்-வாக்மன் 3 என்ற வால்நட்சத்திரம் அறுபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பூமியைக் கடந்தது. பைனாகுலரிலேயே இரண்டு துண்டுகளைப் பார்த்தேன். தாங்கள் போட்ட தலைப்பு, ‘பூமிக்கு ஆபத்தா?’ மிக அருகில் வந்தபோதே சந்திரனைப் போல முப்பது மடங்கு தூரத்தில் இருந்தது. ஆபத்து எங்கள் வீட்டில்தான். அந்தத் தலைப்பைப் பார்த்து என் அம்மா இரண்டு நாள் என்னை மாடிக்கே விடவில்லை.

2013இல் ஐசான். ‘நூற்றாண்டின் வால்நட்சத்திரம்’ என்று வாரக்கணக்கில் எழுதினீர்கள். அது நவம்பர் 28 அன்று சூரியனிடம் போய்ச் சிதைந்த பிறகு ஒரு வரிகூட வரவில்லை. ஊரில் என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன்.

‘அமெச்சூர்’ என்பதையாவது மரியாதையாக எழுதியிருக்கலாம். 1965இல் ஜப்பானில் இகேயாவும் செக்கியும் ஆளுக்கொரு மாடியோ மைதானமோ என்று தனித்தனியே பார்த்துக் கண்டுபிடித்த வால்நட்சத்திரம் சூரியனை உரசிக்கொண்டு போய் உடைந்ததே, அவர்கள் யார்? ஒருவர் பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி, இன்னொருவர் கிட்டார் வாத்தியார். நம் நாட்டு வானியலாளர் வைணு பாப்பு 1949இல் வால்நட்சத்திரம் கண்டபோது மாணவர். அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காவலூரில்தான் இருக்கிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்குத் தாங்கள் சொல்லியிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

காவலூர் மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சமிருக்கிறது. எங்கள் தெருவில் போன வருடம் வைத்த எல்இடி விளக்குக்குக் கவசம் போடச் சொல்லி நான்கு மனு கொடுத்துவிட்டேன். அது தங்கள் பொறுப்பல்ல. எழுத வந்ததால் எழுதுகிறேன்.

திருத்தம், வருத்தம் எதுவும் போட வேண்டாம். முன்பு சனிக்கிழமைகளில் ராசிபலனுக்குக் கீழே ‘வானில் இந்த வாரம்’ என்று நான்கு வரிப் பெட்டி வரும். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டீர்கள். திரும்பப் போட்டால் போதும். முடிந்தால் ராசிபலனுக்குக் கொஞ்சம் தள்ளி.

இப்படிக்கு,
தங்கள் 31 வருட வாசகன்,
ஆலங்காயம்.

பி.கு.: என் படத்தை இணைத்திருக்கிறேன், பிரசுரத்துக்காக அல்ல. நட்சத்திரங்கள் கோடுகோடாக இருப்பதைப் பார்த்துக் கை ஆடிவிட்டது என்று கட்டுரையாளர் நினைத்துவிட வேண்டாம்.