சித்தியின் ரிப்போர்ட்

மணவாளக்குறிச்சி

மக்களே,

சித்தி பெட்டியில் இருந்த ரிப்போர்ட்டுகளை அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். ஆச்சியின் ஆபரேஷன் சீட்டு மட்டும் கிடைக்கவில்லை, பரணில் தேடுகிறேன். வந்துசேர்ந்தது என்று ஒரு போன் பண்ணுவாய் என்று பார்த்தேன். சரி, வேலை இருக்கும்.

போன தடவை லேப்டாப்பில் காட்டினாயே, கறுப்புக்குள் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்த இடம், ஒட்டுகிற புரதங்கள் அங்கே வந்து கூடுகின்றன, அதற்குத்தான் ஒளிரும் சாயம் என்றாய். கடியபட்டணத்தில் கிழிந்த வலையைச் சுற்றி ஆள் உட்காருவதுபோல என்றேன், சிரித்தாய். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் 200 நானோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு புள்ளி ஒன்றாகக் கலங்கிவிடும், டி.என்.ஏ. தடிமனோ 2 நானோமீட்டர்தான். அதனால் சாயத்தை மொத்தமாக எரியவிடாமல், ஒவ்வொரு மூலக்கூறாக மின்னவிட்டு, அதன் நடுவைக் கணக்குப் போட்டுக் குறிப்பீர்களாம். 2014இல் நோபல் வாங்கிய வித்தை. மகளிர் குழுவில் இவ்வளவும் சொன்னேன். "அப்போ உன் மகள் டாக்டர் இல்லையா?" என்று கேட்கிறாள் ஒருத்தி!

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாய். பிஆர்சிஏ ஜீனுக்கு அந்த முறிவைப் பிசகாமல் ஒட்டுகிற வேலை, அதில் கோளாறு இருந்தால் மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வர வாய்ப்பு கூடும் என்று. சித்தி பெயரை நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இப்போது ரிப்போர்ட் கேட்கிறாய்.

ஆய்வுக்குத்தான் என்றால் ஒன்றுமில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி முழுக்க அந்த இருட்டறையில் இருக்காதே.

ஊரில் எல்லாரும் புற்றுநோய்க்குக் கடற்கரை மணலைத்தான் சொல்கிறார்கள். மணலில் மோனசைட்டு என்ற தாது, அதில் தோரியம், அதிலிருந்து கதிர் என்று. நீயோ கேரளத்துக் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான், வருஷக்கணக்காகக் கவனித்தும் அங்கே அதனால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் வந்த ஆய்வைச் சொல்லி என் வாயை அடைத்தாய். உன் படிப்பு பெருமைதான். ஆனால் மணல் என்றே இருந்திருக்கலாம். மணலென்றால் ஊரைவிட்டுப் போன உனக்குப் பயமில்லையே.

டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் முதலில் எனக்கு எடுக்கச் சொல்லு. ஆச்சியிடமிருந்து உனக்கு வருவதென்றால் என்னைத் தாண்டித்தானே வரவேண்டும்? என்னிடம் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். ரத்தம் எங்கே கொடுக்கவேண்டும் என்று மட்டும் எழுது, அண்ணனோடு போய்வருகிறேன். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம். சாப்பிடு மக்களே.

அம்மா