சித்திக்கு, ஆல்டோ வரிசையில இருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சித்தி,

எங்க கொயர், அதான் நாங்க பல பேர் சேர்ந்து பாடற குழு, அதோட கச்சேரி முடிஞ்சு வெளிய வந்ததும் நீங்க சொன்னீங்க, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உன் கொரல் மட்டும் தனியா கேக்கவே இல்லையேடி"ன்னு. பக்கத்துல நின்ன எங்க மாஸ்டர் அதைக் கேட்டு சிரிச்சாரு, நீங்க கவனிக்கல. அன்னிக்கு எனக்குக் கெடைச்ச பெரிய பாராட்டே அதுதான் சித்தி, சமாளிக்கறதுக்காகச் சொல்லல. என் கொரல் தனியா கேட்டிருந்தா அடுத்த ப்ராக்டிஸ்ல மொத ஆளா என்னைத்தான் புடிச்சிருப்பாரு. போன்ல சொன்னா நீங்க பாதியிலயே மீன் விலைக்குப் போயிடுவீங்க, அதான் எழுதறேன்.

பாடலீஸ்வரர் கோயில்ல நீங்கல்லாம் சேர்ந்து "ஈன்றாளுமாய்" பாடுவீங்கல்ல, அப்பர் கல்லோட கடல்ல மெதந்து வந்து நம்ம திருப்பாதிரிப்புலியூர்ல கரையேறிப் பாடினதுன்னு சின்ன வயசுல நீங்கதான் கதை சொன்னீங்க. அங்க எத்தனை பேர் பாடினாலும் மெட்டு ஒண்ணுதான். ஆனா சித்தப்பா கூட சேர்ந்தா என்ன ஆகுது? உங்க சுருதி அஞ்சு கட்டை, அவரோடது ஒரு கட்டை, பொதுவா ஒரு சுருதி வெச்சா ஒருத்தர் கத்தணும் இல்ல ஒருத்தர் முனகணும், கடைசியில அவர் வாயை மட்டும் அசைச்சுட்டு நிப்பாரு. கொயர்ல இதுக்குத்தான் கூட்டத்தை நாலாப் பிரிக்கறாங்க. பொம்பளைங்கள்ல மேல போறவங்க சொப்ரானோ, கீழ நிக்கறவங்க ஆல்டோ, ஆம்பளைங்கள்ல டெனர், பேஸ். ஒவ்வொருத்தருக்கும் அவங்க தொண்டைக்கு உக்கார்ற இடத்துல தனித்தனி வரி. சங்கராபரணத்துல ச, க, ப மூணையும் மூணு பேரா ஒரே நேரத்துல புடிச்சுப் பாருங்க, புரிஞ்சிடும்.

இதுல ஆல்டோக்காரங்க பாடுதான் பாவம். மெட்டு முழுக்க சொப்ரானோவுக்குப் போயிடும், நமக்கு பெரும்பாலும் நடுவுல ஒரு ஸ்வரத்தைப் புடிச்சுட்டு நிக்கற வேலை. மாஸ்டர் வாட்ஸ்அப்ல அனுப்பற வாய்ஸ் நோட்டைப் போட்டுட்டு நான் பாத்திரம் தேச்சுக்கிட்டே பாடுவேன், ப ப ப ப, அப்புறம் ஒரு ம, மறுபடியும் ப. வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு இது பாட்டா இல்ல மிக்ஸி ரிப்பேரான்னு கேட்டாரு. அதே வரி ஹால்ல மத்த மூணும் சேர்ந்து ஒலிக்கறப்ப, நான் அசையாம நிக்கற அந்த ப-வைச் சுத்தித்தான் மத்ததெல்லாம் நகருது, அது உடம்புல தெரியும் சித்தி, நெஞ்சுக்கூட்டுல லேசா அதிரும்.

நீங்களும் எங்க கொயர்ல பாட வரணும்னுதான் என் ஆசை. வந்தா ரெண்டு விஷயத்துக்குக் கஷ்டப்படுவீங்க, இப்பவே சொல்லிடறேன். கமகம் கூடாது. நமக்கு ஸ்வரத்தை ஆட்டலன்னா பாடின மாதிரியே இருக்காது, ஆனா இத்தனை பேரு ஆளாளுக்கு ஒரு மாதிரி ஆட்டினா நாலு வரியும் ஒண்ணோடொண்ணு இடிச்சுக்கும். அப்புறம் உங்க பாட்டு டீச்சர் "கள்ளக் கொரல்"னு சொல்லி தொடையில தட்டுவாங்களே, சொப்ரானோக்காரங்க மேல போறப்ப கிட்டத்தட்ட அந்த மாதிரி மெல்லிசான கொரல்லதான் பாடச் சொல்றாங்க. நல்லவேளை உங்க அஞ்சு கட்டைக்கு ஆல்டோதான், தப்பிச்சீங்க.

மூச்சு வாங்கறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். நீளமா ஒரு ஸ்வரம் போகுதுன்னு வைங்க, ஒரு ஆளால அவ்ளோ நேரம் தாங்க முடியாது, அதனால பக்கத்துல இருக்கறவங்க மூச்சு விடறப்ப நீங்க விடக்கூடாது, சத்தமில்லாம விலகி, இழுத்து, சத்தமில்லாம உள்ள வந்துடணும். கேக்கறவங்களுக்கு மூச்சே விடாம பாடற மாதிரி இருக்கும். என் இடது பக்கம் ஒரு ரிட்டயர்ட் நர்ஸம்மா, அவங்க தோள் லேசா ஏறினா நான் புடிச்சுட்டு நிக்கணும்னு அர்த்தம். நாங்க இதைப் பத்தி ஒரு நாளும் பேசிக்கிட்டதில்ல.

நடுவுல எல்லாரும் எந்திரிச்சு நின்னப்ப தேசிய கீதமான்னு கேட்டீங்களே, அது ஹேண்டல்ங்கற மேல்நாட்டு இசையமைப்பாளரோட அல்லேலூயா. அவர் 1741ல எழுதி, 1742ல டப்ளின்ல மொதல்ல பாடின மெசையாங்கற பெரிய படைப்புல ஒரு துண்டு. இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஜார்ஜ் அதைக் கேட்டு எந்திரிச்சு நின்னாரு, அதான் இன்னிக்கும் நிக்கறாங்கன்னு ஒரு கதை ஓடுது, உறுதியான ஆதாரம் கெடையாது. ஆனாலும் நிக்கறாங்க. நம்ம ஊர்ல கேக்கவா வேணும்.

"இது சர்ச்சுக்காரங்க சமாச்சாரம்டி"ன்னு இழுக்காதீங்க. அவங்க சின்னதுலேர்ந்து பாடிப் பழகினதால முன்னாடி இருக்காங்க, அவ்ளோதான். நெறைய பேரு இன்னும் டோனிக் சோல்ஃபாலதான் படிக்கறாங்க, ஸ்வரத்தையெல்லாம் டோ, ரே, மின்னு எழுத்துல எழுதிப் பாடறது, இங்கிலாந்துல ஜான் கர்வன் பரப்பின முறை, அதுல டோ எங்க வேணா நகரும், நம்ம ச-வும் அப்படித்தானே, சுருதி எங்க வெக்கறோமோ அங்க. சரளி வரிசை பாடினவங்களுக்கு அது ஒரு மேட்டரே இல்ல. தமிழ்ல சேர்ந்திசைன்னா எம்.பி.சீனிவாசன்தான், சென்னையில இளைஞர்களைச் சேர்த்து பாரதி பாட்டையெல்லாம் நாலு வரியாப் பிரிச்சுப் பாட வெச்சவரு, 1988ல போயிட்டாரு. பாரதி 1908லேர்ந்து 1918 வரைக்கும் இங்க பாண்டியிலதான் இருந்தாரு, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில அவர் வீடு இருக்கு, அந்த ஊர்ல இருந்துக்கிட்டு அவர் பாட்டை நாங்க வெறும் ஒத்தை மெட்டுல பாடினா நல்லாவா இருக்கும்? அடுத்த கச்சேரிக்கு ரெண்டு பாரதி பாட்டு எடுக்கறோம். ர, ற, ழ எல்லாம் எங்க கூட்டத்துல பாதிப் பேருக்கு வரல, ரெண்டு பேர் பிரெஞ்சுக்காரங்க வேற, முப்பது வருஷம் தமிழ் டீச்சரா இருந்த ஒருத்தர் ஆல்டோல நின்னா எவ்ளோ உபயோகம்னு யோசிங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி. கடலூர்லேர்ந்து பாண்டி பஸ்ல ஏறி முதலியார்பேட்டையிலயே இறங்கிடுங்க, ஸ்கூட்டியில வந்து கூட்டிட்டுப் போறேன். வெந்நீர் பாட்டில், கண்ணாடி, ஒரு பென்சில், மூச்சு விடற எடத்துல டிக் போட. ரெக்கார்டிங் பண்றப்ப ஃபேனை நிறுத்திடுவாங்க, பட்டுப்புடவை வேணாம், காட்டனே போதும். மாஸ்டர்கிட்ட உங்க பேரை ஏற்கனவே குடுத்தாச்சு, திட்டறதுன்னா நேர்ல வந்து திட்டுங்க.

உங்க கீதா