பழைய சோப்புக்காரன் எழுதும் திறந்த மடல்

ஏஜென்ட் நெறிமுறைகளை எழுதிக்கொண்டிருக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு,

வணக்கம். தானாக வேலைகளைச் செய்யும் ஏஐ நிரல்களான ஏஜென்ட்டுகளை வெளிக் கருவிகளோடு பேச வைக்கும் எம்சிபி, அவற்றை ஒன்றோடொன்று பேச வைக்கும் ஏ2ஏ என்ற நெறிமுறைகளின் பெயர்களை முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பழைய முதுகுவலி திரும்பி வந்தது. ஒரு கம்பெனியின் சர்வரை இன்னொரு கம்பெனியின் சர்வரோடு பேச வைப்பதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. அதற்கான தொழில்நுட்பத் தரங்களை (ஸ்டாண்டர்டுகளை) எழுதும் மேசையில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எழுதி முடித்த தரம் கடைசியில் வந்து இறங்கும் இடத்தில், சென்னையில், ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் சில விஷயங்கள் நன்றாகத் தெரியும்.

2003ல் எனக்குக் கொடுத்த வேலை சோப். (வீட்டில் கேட்டவர்களிடம் அப்படியே சொன்னேன். பெரியப்பா ரொம்ப நாள் நான் சோப்புக் கம்பெனியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.) சோப் என்பது சர்வர்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை. அதன் 1.1 பதிப்பு 2000 மே மாதம் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் போனது. சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் 2001 மார்ச்சில் வந்தது. இரண்டையும் டபிள்யூ3சி அதிகாரபூர்வப் பரிந்துரையாக இல்லாமல் வெறும் குறிப்பாகத்தான் வெளியிட்டது. ஆனாலும் ஊர் முழுக்க அதை வைத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வாடிக்கையாளர் பக்கம் மைக்ரோசாஃப்டின் டாட்நெட். அவர்களுடைய கூட்டாளி நிறுவனத்தின் பக்கம் ஜாவாவும் அதற்கான சோப் கருவியான அப்பாச்சி ஆக்சிஸும்.

செய்தியின் உடலை எப்படி அமைக்கலாம் என்பதற்கு டபிள்யூஎஸ்டிஎல் பல வழிகளைத் திறந்துவிட்டிருந்தது. மைக்ரோசாஃப்டின் கருவியை அதன் போக்கில் விட்டால் 'டாக்குமென்ட் லிட்டரல்' வழியில், அதாவது ஒரு ஆவணத்தை அனுப்புவதுபோல, போகும். அன்றைய ஆக்சிஸை விட்டால் 'ஆர்பிசி என்கோடட்' வழியில், அதாவது தூரத்து நிரலின் ஒரு செயல்கூற்றை அழைப்பதுபோல, போகும். இரண்டும் தரத்துக்கு உட்பட்டவைதான். யாரைக் கேட்டாலும் "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்பார்கள். அதுவும் உண்மைதான். இரண்டு சரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழித்தது நாங்கள்.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2002 பிப்ரவரியில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், பிஇஏ, ஆரக்கிள், எஸ்ஏபி, எச்பி, இன்டெல், ஃபுஜிட்சு, அக்சென்ச்சர் ஆகிய ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து டபிள்யூஎஸ்-ஐ என்ற அமைப்பைத் தொடங்கின. அது புதிய தரம் எதையும் எழுதவில்லை. ஏற்கெனவே இருந்த தரங்களுக்குள் புகுந்து, எந்தக் கதவைச் சாத்துவது என்று முடிவு செய்தது. 2003 ஆகஸ்டில் வந்த 'பேசிக் ப்ரொஃபைல்' முழுக்க அந்த வேலைதான். என்கோடட் வழி கூடாது. எழுத்துக்குறியாக்கம் யுடிஎஃப்-8 அல்லது யுடிஎஃப்-16 மட்டும். சோப் பிழையைத் திருப்பினால் எச்டிடிபி நிலைக்குறி 500 (சர்வரில் பிழை என்று பொருள்). சோப்ஆக்‌ஷன் தலைப்பின் (கோரிக்கை எதற்கு என்று சொல்லும் வரி) மதிப்பு மேற்கோள் குறிகளுக்குள் இருக்க வேண்டும்.

கடைசி விதியைப் படித்துச் சிரிக்காதீர்கள். ஒரு ஜோடி மேற்கோள் குறிக்காக இரண்டு வாரம் மின்னஞ்சலில் சண்டை போட்டிருக்கிறேன். கூட்டாளி நிறுவனத்தின் டீம் எங்களைவிடச் சீனியர். நாங்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் டபிள்யூஎஸ்-ஐ இலவசமாகக் கொடுத்த சோதனைக் கருவிகளை இறக்கினோம். 'மானிட்டர்' இரண்டு சர்வர்களுக்கும் நடுவே உட்கார்ந்து போகிற வருகிற செய்திகளைப் பதிவு செய்யும். 'அனலைசர்' அந்தப் பதிவை விதிகளோடு ஒப்பிட்டு அறிக்கை தரும். அறிக்கையில் எங்கள் அபிப்பிராயம் எதுவும் இல்லை. விதி எண் ஆர்2744, தேறவில்லை, அவ்வளவுதான். அதை அனுப்பினோம். மறுநாள் காலை திருத்தம் வந்துவிட்டது.

சோதனைக் கருவி என்றால் மென்பொருளின் தரத்தைப் பார்ப்பது என்று நீங்கள் நினைப்பீர்கள். கீழே இருப்பவனுக்கு அது பஞ்சாயத்து. பெரிய கம்பெனியின் முன்னால் சின்னக் கம்பெனிக்காரன் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

இதோடு ஒரு மாதிரிச் செயலியும் வைத்தார்கள். மின்னணுப் பொருள் விற்கும் கடை, கிடங்குகள், உற்பத்தியாளர்கள் என்று ஒரு சின்ன விநியோகச் சங்கிலி. அதையே பல நிறுவனங்கள் தத்தம் கருவியில் எழுதின. ஒருவர் எழுதிய கடை இன்னொருவர் எழுதிய கிடங்கிலிருந்து சரக்கு கேட்கும்; கிடைத்தால் சரி, இல்லையென்றால் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் நிறுவனர் பட்டியலில் இல்லை. பிறகுதான் சேர்ந்தது, 2003ல்தான் நிர்வாகக் குழுவில் இடம் கிடைத்தது. ஜாவாவோடு பேச வைக்கும் கூட்டத்தில் ஜாவாக்காரருக்கு நாற்காலி இல்லை! அதே 2003 தொடக்கத்தில், செய்தி தொலையாமல் போய்ச் சேர்வதற்கு இரண்டு போட்டித் திட்டங்கள் வந்தன. சன், ஆரக்கிள் தரப்பின் பெயர் டபிள்யூஎஸ்-ரிலையபிலிட்டி. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் தரப்பின் பெயர் டபிள்யூஎஸ்-ரிலையபிள்மெசேஜிங். பெயரைக் கூட வேறுபடுத்தி வைக்கத் தோன்றவில்லை. இப்படி டபிள்யூஎஸ் என்று தொடங்கும் ஆவணங்கள் குவியக் குவிய, ஜனங்கள் மெல்ல நழுவி ஜேசன் என்ற எளிய தரவு வடிவத்தின் பக்கம் போய்விட்டார்கள். 2010ல் டபிள்யூஎஸ்-ஐ ஓயசிஸ் என்ற இன்னொரு தரநிர்ணய அமைப்போடு இணைந்தபோது எங்கள் டீமில் அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. இப்போது உங்களுக்கு எழுதுவதே அதனால்தான். பேசிக் ப்ரொஃபைல் செய்தியின் உறையை ஒழுங்குபடுத்தியது. உள்ளே இருக்கும் தரவு வகைகளைப் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா என்ற வேறொரு தரத்திடமே விட்டுவிட்டது. நாங்கள் பிறந்த தேதியைத் தேதி-நேர வகையில் அனுப்பினோம். டாட்நெட் அதை 1975 ஜனவரி 1, நள்ளிரவு, +05:30 என்று எழுதியது. அந்தப் பக்கம் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிப் படித்தது: 1974 டிசம்பர் 31, மாலை 6:30. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தது. அனலைசர் பச்சைக்கொடி காட்டியது. பிழைச் செய்தி எங்கும் வரவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒருநாள் முன்னதாகப் பிறந்துவிட்டார்கள், ஜனவரி 1 காரர்களுக்குப் பிறந்த வருடமே ஒன்று குறைந்துவிட்டது. எங்கள் பக்கம் ஜனவரி 1 காரர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. சரியான தேதி தெரியாதவர்களுக்குப் பதிவேட்டில் போடும் தேதி அது. கடைசியில் தேதியை வெறும் எழுத்துச் சரமாக அனுப்பி வேலையை முடித்தோம்.

இப்போது உங்கள் விஷயம். எம்சிபி 2024 நவம்பரில் வந்தது, ஏ2ஏ 2025 ஏப்ரலில். இரண்டும் இன்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற பொது அமைப்பின் கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஐபிஎம்மின் ஏசிபி என்ற இன்னொரு ஏஜென்ட் நெறிமுறை தனியாக முறைத்துக்கொண்டு நிற்காமல் ஏ2ஏவோடு சேர்ந்துகொண்டது. எங்கள் காலத்தைவிட இது மேல். தேவையில்லாததை நீக்கவும் உங்களுக்குத் தெரிகிறது. எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பு கோரிக்கைகளைக் கட்டாக அனுப்பும் வசதியைச் சேர்த்தது, ஜூன் பதிப்பு அதை எடுத்துவிட்டது. எடுத்தது சரிதான். ஆனால் அந்த மூன்று மாத இடைவெளியில் அதை நம்பி நிரல் எழுதியவன் எங்கேயோ இருக்கிறான். அவனிடம் கேட்டீர்களா?

எனக்குள்ள பெரிய பயம் வேறு. எங்கள் சர்வர்களுக்கு ஊகிக்கத் தெரியாது. புரியவில்லை என்றால் பெரும்பாலும் கத்தும். உங்கள் ஏஜென்ட்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல் கத்தாது. புலத்தின் பெயர் மாறினாலும், அலகு மாறினாலும், தேதியில் நாள் முன்னால் வருகிறதா மாதம் முன்னால் வருகிறதா என்று தெரியாவிட்டாலும், ஒரு மாதிரி ஒப்பேற்றிக்கொண்டு மேலே போகும். செயல்விளக்கத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கோ அந்தப் பிறந்த தேதிகள் ஞாபகம் வருகின்றன. பொருந்தாத இரண்டு சேவைகள் பொருந்தியதுபோலவே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே அடுத்த வசதியைச் சேர்ப்பதற்கு முன் சில காரியங்கள் செய்யுங்கள். இருக்கும் வழிகளில் எவற்றை மூடலாம் என்று ஒரு குறுகிய விதித்தொகுப்பு போடுங்கள், ஒவ்வொரு விதிக்கும் எண் கொடுங்கள். நடுவே உட்கார்ந்து பார்க்கும் கருவி வேண்டும். மாடல் எந்த இடத்தில் ஊகித்தது என்பதையும் அது எழுதிவைக்க வேண்டும். யாருடைய சேவை எந்த விதியில் தேறவில்லை என்ற முடிவுகளை நிறுவனப் பெயரோடு வெளியிடுங்கள். உங்கள் சொந்த நிறுவனமானாலும் சரி. குழுவில் இரண்டு நாற்காலியாவது நெறிமுறை எதையும் விற்காத, ஒட்டவைக்கும் வேலை மட்டும் செய்கிறவர்களுக்கு ஒதுக்குங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ஆள் நிறைய இருக்கிறார்கள். கூட்ட நேரத்தை மட்டும் எங்கள் நள்ளிரவில் வைக்காதீர்கள்.

கருவி தயாரானதும் முதல் சோதனைக்கு நான் தரவு தருகிறேன். பிறந்த தேதி: 1975 ஜனவரி 1, நேரம்: 00:00, இடம்: சென்னை. உங்கள் ஏஜென்ட்டுகள் நாலைந்தின் கை மாறி அது திரும்பி வரட்டும். அந்த ஆளுக்கு என்ன வயது ஆகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பழைய சோப்புக்காரன்