பாதயாத்திரை போகும் நீரிழிவு நோயாளரின் கால்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கதிர்காமத்தை நோக்கி அடியார்கள் நடக்கத் தொடங்கும் காலம் இது. செல்வச்சந்நிதியிலிருந்து வேலோடு புறப்படுகிறவர்களுடன் மண்டூரிலும் எங்கள் திருக்கோவிலிலும் இன்னும் பலர் சேர்ந்துகொள்வார்கள். பிறகு பொத்துவில், பாணமை, உகந்தை, அதற்கப்பால் காடு. இவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் நிறையப் பேர். விபூதிப் பொட்டலம் இருக்கும் அதே பைக்குள் மெற்போர்மின் வில்லைகளும் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற தாதியான நான் உகந்தையில் அடியார்களின் கால்களுக்கு மருந்து கட்டும் தொண்டில் சேர்ந்து வருகிறேன். படுவான்கரையைச் சேர்ந்த ஒரு விவசாயி அங்கு வந்தார். உள்ளங்காலில் முள் ஏறி முறிந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. "வலியே இல்லை, முருகன் அருள்" என்றார். அந்தப் பக்தியை நான் வணங்குகிறேன். ஆனால் அவருக்கு வலிக்காமல் போனதற்குக் காரணம், சீனி பல வருடங்களாகக் கூடி நின்று கால் நரம்புகளைப் பழுதாக்கியிருந்ததுதான். நீளமான நரம்புகளே முதலில் கெடும் என்பதால் உணர்வற்ற விறைப்பு கால்விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சிறிய புண்கூட ஆறாது. அவருடைய இரண்டு விரல்களைப் பின்னர் வெட்டியெடுக்க வேண்டி வந்தது.

நேர்த்தி வைத்தவரைப் போகவேண்டாம் என்று தடுக்க நான் எழுதவில்லை. புறப்படுமுன் காலைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறேன். கிளினிக்கில், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கேட்டுச் செய்வித்துக்கொள்ளுங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் வீட்டிலேயே ஒரு முறை உண்டு. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் உங்கள் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைத் தம் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தக்கூடாது, தட்டவும் கூடாது. ஆறு விரல்களில் இரண்டிலோ அதற்கு மேலோ தொட்டது தெரியாவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான சோதனை இது.

அப்படி உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு காட்டுக்குள் இறங்கக் கூடாது. வள்ளியைத் தேடிக் காடெல்லாம் அலைந்த வேலவன், செருப்புப் போட்ட காலைப் பார்த்து அடியாரை ஒதுக்கமாட்டான். கோவில் வீதியில் கழற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சுடுமணலிலும் முட்பாதையிலும் பின்வார் உள்ள, பழகிய செருப்பு காலில் இருக்கட்டும். புதுச் செருப்பு கொப்புளம் போடும். இரவில் தங்குமிடத்தில் ஒருவர் காலை மற்றவர் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்குகளையும் விடாதீர்கள்.

இன்னொன்றும் என்னை மிகவும் வருத்துகிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற வில்லை எடுப்பவர்களுக்கும் நாள் முழுக்க நடக்கும்போது, அதுவும் விரதமிருந்தால், சீனி திடீரென்று இறங்கிவிடும். உடல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும். காவடியோடு நிற்பவர் அப்படி நடுங்கினால், தெய்வம் வந்துவிட்டது என்று அரோகரா சொல்லிச் சுற்றி நிற்கிறோம். அவர் நீரிழிவுக்காரர் என்று தெரிந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே வைத்திய உதவியை நாடுங்கள். நடக்கும் நாட்களில் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதைப் புறப்படுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். தாமாக நிறுத்துவதும் ஆபத்துதான். இன்சுலின் குப்பி வெயிலில் கெட்டுவிடும். பொலித்தீனில் சுற்றி, ஈரத்துணி போர்த்திய சிறு மண்பானையில் வைத்துக்கொண்டு போகலாம்.

அன்னதானம் செய்யும் அன்பர்களே, தேநீரையும் சீனியையும் தனித்தனியே வையுங்கள். புக்கையோடு ஒரு கிடாரம் அவித்த கடலையோ கௌபியோ இருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடமும் ஆலய பரிபாலன சபைகளிடமும் என் வேண்டுகோள் இது: திருக்கோவில், பொத்துவில், உகந்தை ஆகிய மூன்று இடங்களிலும் முதலுதவி மேசைக்குப் பக்கத்தில் கால் பார்ப்பதற்கென்று ஒரு வாங்கு போடுங்கள். ஒரு நைலோன் இழை, சீனி பார்க்கும் கருவி, சுத்தமான கட்டுத்துணி, பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் போதும். உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும்வரை அடியார்கள் காத்திருக்கும் வேளையிலேயே இதைச் செய்து முடிக்கலாம். ஓய்வுபெற்ற தாதியர் பலர் இப்பகுதியில் இருக்கிறோம். அழைத்தால் வருவோம்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
திருக்கோவில்.